நீர்யானைக் கப்பலின் கதை

(மயிலாப்பூரில் நடந்த கூட்டமொன்றில் தோழர் ஒருவர் ஆற்றிய உரையின் சுருக்கம்)



இன்று கப்பலைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் சிலருக்கு ஆச்சரியமாக இருந்திருக்கும். கூலியைப் பற்றிப் பேசாமல், நிலத்தைப் பற்றிப் பேசாமல், யுத்தக் கப்பலைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்டார் ஒரு தோழர். நியாயமான கேள்விதான். கூட்டம் முடிவதற்குள் அதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

இந்த இடத்திலிருந்து கிழக்கே நடந்தால் சிறிது நேரத்தில் நொச்சிக்குப்பம் வந்துவிடும். அங்கே நின்று கடலைப் பாருங்கள். அலை மூன்று வரிசையாக வந்து உடைகிறது. கரையை ஒட்டி ஆழமில்லை, மணல்தான். பெரிய கப்பல் வந்தால் ஒரு மைல், இரண்டு மைல் தூரத்தில்தான் நங்கூரம் போட முடியும். அங்கிருந்து ஆளையும் சரக்கையும் கரைக்கு எப்படிக் கொண்டுவருவது?

சென்னைக்குத் துறைமுகம் கட்டும் வரை இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னவர்கள் நம் படகுக்காரர்கள். மசூலாப் படகு என்று ஒன்று இருந்தது. அதில் ஆணி கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். ஆணி அடித்த படகு மணலில் மோதினால் பிளந்துபோகும். தைத்த படகு வளைந்து கொடுக்கும். கவர்னரானாலும் கம்பெனி வியாபாரியானாலும் இந்தப் படகுக்காரன் கைகொடுத்தால்தான் சென்னை மண்ணில் கால் வைக்க முடியும். துறைமுகமில்லாத கரையில் இறக்குவது எப்படி என்ற பிரச்னைக்கு உழைப்பாளி கண்டுபிடித்த வழி அது.

அதே பிரச்னைக்கு இன்றைய உலகம் இரும்பிலும் யந்திரத்திலும் கண்டுபிடித்த வழிதான் நான் சொல்லப்போகும் கப்பல். கடலிலிருந்து படையையும் வண்டியையும் நேரே கரையில் இறக்கும் கப்பல்.

இரண்டு விதக் கப்பல்கள்

இந்தக் கப்பல்களில் இரண்டு விதம் உண்டு.

முதல் விதம், தானே கரையேறும் கப்பல். நம் கடற்படையில் இவற்றுக்கு மிருகங்களின் பெயர் வைப்பது வழக்கம். மகர் என்றால் முதலை. கரியால், நீள மூக்கு முதலை. சார்தூல் புலி, கேசரி சிங்கம், ஐராவத் யானை. இந்தக் கப்பலின் அடிப்பாகம் தட்டையாக இருக்கும். கரையை நெருங்கும்போது பின்புறம் ஒரு நங்கூரத்தைக் கடலில் போட்டுக்கொண்டு, முன்மூக்கை மணலில் ஏற்றி நிறுத்துவார்கள். மூக்கிலுள்ள கதவு திறக்கும், சாய்வுப் பாலம் இறங்கும், லாரியும் டாங்கியும் அதன்மேல் ஓடி இறங்கும். வேலை முடிந்ததும் பின்புற நங்கூரச் சங்கிலியை யந்திரத்தால் இழுத்தால், கப்பல் மணலிலிருந்து விடுபட்டுத் தண்ணீருக்குள் போகும். சேற்றில் மாட்டிய வண்டியைப் பின்னாலிருந்து கயிறு கட்டி இழுப்பது போலத்தான். சார்தூல் வகைக் கப்பல் சுமார் 125 மீட்டர் நீளம். 11 டாங்கிகள், 10 வண்டிகள், 500 வீரர்கள் வரை ஏற்றக்கூடியது.

இரண்டாவது விதம் கரைக்கே வராது. தூரத்தில் நின்றுகொண்டு, தன் வயிற்றிலிருந்து படகுகளை வெளியே விடும். நம்மிடம் அப்படி இருப்பது ஒன்றே ஒன்று. ‘ஜலாஷ்வா’ என்று பெயர். நீர்யானை என்று பொருள். ஏறக்குறைய 570 அடி நீளம். முழுச் சுமையோடு சுமார் 17,000 டன்.

விவசாயத் தோழர்களுக்கு இதன் வேலை சுலபமாகப் புரியும். ஏரிக்கு மதகு இருக்கிறதல்லவா? இந்தக் கப்பலின் பின்பாதியில் 150 அடிக்கு மேல் நீளமும் 50 அடி அகலமும் உள்ள ஒரு தொட்டி இருக்கிறது. சாதாரணமாக அது காய்ந்த தரை. அதில் படகுகள் உட்கார்ந்திருக்கும். இறக்க வேண்டிய வேளையில் கப்பலின் அடியிலுள்ள அறைகளுக்குள் கடல் தண்ணீரை விடுவார்கள். பின்பக்கம் கனத்து மெல்லத் தாழும். பிறகு பெரிய பின்கதவைத் திறந்தால் தொட்டிக்குள் கடல் புகும். படகுகள் தாமாக மிதக்கும். சுமையோடு கரைக்குப் புறப்படும். வேலை முடிந்தபின் அமுக்கிய காற்றைச் செலுத்தி அறைகளிலுள்ள தண்ணீரை வெளியேற்றினால் கப்பல் பழையபடி எழுந்து நிற்கும். மேல்தளத்தில் ஹெலிகாப்டர் இறங்கும்.

மில் தோழர்களுக்கு ஒரு விஷயம். இந்தக் கப்பலை ஓட்டுவது நீராவி. இரண்டு பாய்லர், இரண்டு டர்பைன். கப்பல் ஓடும் காலமெல்லாம் பாய்லர் அறையில் மனிதன் வெந்துகொண்டு நிற்க வேண்டும். பழைய மில்லின் பாய்லர் அறையில் நின்றவர்களுக்கு அந்தச் சூடு தெரியும்.

இது எங்கிருந்து வந்தது?

இந்த நீர்யானை நம் ஊரில் பிறந்ததல்ல. அமெரிக்காவில் சியாட்டில் நகரக் கப்பல் தளத்தில் 1966-ல் இதன் அடிக்கட்டை போடப்பட்டது. அப்போது வியத்நாமில் யுத்தம் நடந்துகொண்டிருந்தது. 1968-ல் தண்ணீரில் இறக்கி, 1971-ல் அமெரிக்கக் கடற்படையில் சேர்த்தார்கள். ‘டிரென்டன்’ என்று பெயர். பிற நாட்டுக் கரைகளில் படை இறக்குவதற்காகவே செய்யப்பட்ட கப்பல் என்பதை மறக்க வேண்டாம். ஆனால் அதே கப்பல் 1991 ஜனவரியில், சோமாலியாவின் மொகதிஷுவில் உள்நாட்டுச் சண்டை மூண்டபோது, அங்கே சிக்கியவர்களை மீட்கப் போயிற்று. அதன் தளத்திலிருந்து கிளம்பிய ஹெலிகாப்டர்கள் பல நாட்டு மக்களை வெளியே கொண்டுவந்தன. படை இறக்கும் யந்திரமே ஜனங்களை ஏற்றும் யந்திரமாகவும் ஆக முடியும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கப்பலைக் கட்டிய சியாட்டில் தளம் 1980-களின் கடைசியில் மூடப்பட்டது. தகடு வெட்டியவனும் வெல்டு வைத்தவனும் வீட்டுக்குப் போனார்கள். கப்பல் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பெரம்பூரில் பி அண்டு சி மில் 1996-ல் மூடப்பட்டதைப் பார்த்த நமக்கு இது புதுக் கதையல்ல. நெய்தவன் போய்விட்டான், துணி மட்டும் எங்கோ உடுத்தப்படுகிறது.

சுனாமியும் பழைய கப்பலும்

2004 டிசம்பர் 26-ஐ இந்தக் கரையில் யாரும் மறக்க முடியாது. நொச்சிக்குப்பத்திலும் பட்டினப்பாக்கத்திலும் சீனிவாசபுரத்திலும் கடல் வீட்டுக்குள் வந்தது. அன்று அந்தமான், நிகோபார் தீவுகளில் கப்பல் அணையும் மேடைகள் பல நொறுங்கின. மேடை இல்லாத தீவுக்கு அரிசியும் தண்ணீரும் எப்படிப் போகும்? கரையேறும் கப்பல்கள்தான் அங்கே உபயோகப்பட்டன. நம் கடற்படை இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் இந்தோனேஷியாவுக்கும்கூட உதவி கொண்டுபோனது. ஆனால் ஏராளமான ஆளையும் சாமானையும் ஒரே நடையில் கொண்டுபோகும் பெரிய கப்பல் இல்லையே என்ற குறை அப்போது பளிச்சென்று தெரிந்தது.

குறை உண்மைதான். ஆனால் அதைத் தீர்த்த விதம் என்ன? 36 வருஷம் ஓடிய அமெரிக்கக் கப்பலை ஏறத்தாழ 4.8 கோடி டாலருக்கு வாங்கினார்கள். 2007 ஜனவரியில் அது கைமாறியது. ஜூன் மாதம் ‘ஜலாஷ்வா’ ஆயிற்று. விசாகப்பட்டினம் அதன் தளமாயிற்று.

மறு வருஷமே, 2008 மார்ச்சில், மத்திய சர்க்காரின் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை கொடுத்தார். அது எதிர்க்கட்சிக்காரர் பேச்சல்ல. சர்க்காரின் கணக்கைப் பார்க்கும் அதிகாரியின் எழுத்து. அவர் சொன்னது என்ன? கப்பலின் நிலைமையைச் சரிவரப் பரிசோதிக்காமல் வாங்கினார்கள் என்றார். இதைப் புதுப்பிப்பது உசிதமல்ல என்று 2003-லேயே அமெரிக்கக் கடற்படை முடிவு செய்திருந்ததை எடுத்துக் காட்டினார். தாக்குதல் வேலைக்கு உபயோகிப்பதில் நிபந்தனை உண்டு, விற்ற நாடு வந்து சாமான்களைச் சோதனை போடவும் உரிமை உண்டு என்று எழுதினார்.

தோழர்களே, ஒரு மாடு வாங்குகிறோம். பல்லைப் பிடித்துப் பார்க்காமல் யாராவது வாங்குவார்களா? வாங்கிய பிறகும், “மாடு எந்த வயலில் உழுகிறது என்று நான் வந்து பார்ப்பேன்” என்று விற்றவன் சொன்னால், அந்த மாடு யாருடையது? (சிரிப்பு)

தொட்டிக்குள் மாண்டவர்கள்

இப்போது சிரிக்க முடியாத ஒரு விஷயம்.

2008 பிப்ரவரியில், கடற்படையில் சேர்ந்து எட்டு மாதம் ஆகுமுன், இந்தக் கப்பலுக்குள் விஷவாயு கசிந்து வேலையிலிருந்த கடற்படையினர் மாண்டார்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடு என்பது அந்த வாயுவின் பெயர். கழிவும் தேங்கிய நீரும் அடைபட்டுக் கிடக்கும் இடத்தில் அது உண்டாகும். காற்றைவிடக் கனமானது, கீழே தங்கி நிற்கும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு மிஞ்சினால் மூக்கு மரத்துப்போகும். நாற்றம் போய்விட்டது, ஆபத்தும் போய்விட்டது என்று மனிதன் நினைப்பான். அடுத்த சில மூச்சில் விழுவான். அவனைத் தூக்கக் குனிகிறவனும் விழுவான்.

இந்த வாயுவை நமக்குத் தெரியாதா? மயிலாப்பூரின் தெருக்களுக்கு அடியில் ஓடும் சாக்கடைக்குள்ளும் இதே வாயுதான் இருக்கிறது. சென்னையிலும் தமிழ்நாட்டின் மற்ற ஊர்களிலும் குழிக்குள் இறங்கியவர்களைக் கொன்றதும் இதேதான். மனிதனைச் சாக்கடைக்குள் இறக்கக் கூடாது என்று 2013-ல் சட்டம் வந்தது. சாவுகள் நிற்கவில்லை. இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தரவேண்டும் என்று 2023-ல் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. சீருடை போட்ட மாலுமியானாலும் கோவணம் கட்டிய தொழிலாளியானாலும் அந்த வாயு வித்தியாசம் பார்ப்பதில்லை. வித்தியாசம் பார்ப்பது மனிதன்தான். மாலுமி இறந்தால் விசாரணை நடக்கிறது. குழியில் இறந்தவனுக்குக் காண்டிராக்டர் யாரென்று தேடவே மாதக்கணக்காகிறது.

இரண்டுக்கும் பரிகாரம் ஒன்றே. இறங்குமுன் காற்றைச் சோதிக்க வேண்டும். புதுக் காற்றைச் செலுத்த வேண்டும். இறங்குகிறவன் இடுப்பில் கயிறும், மேலே காவலுக்கு ஆளும், மீட்கப் போகிறவனுக்கு மூச்சுக் கருவியும் இருக்க வேண்டும். யந்திரம் செய்யக்கூடிய வேலைக்கு மனிதனை இறக்கவே கூடாது. இதற்கு ராக்கெட் விஞ்ஞானம் தேவையில்லை. உயிருக்கு விலையுண்டு என்று ஒப்புக்கொள்ளும் மனம் போதும்.

நாமே கட்ட முடியாதா?

முடியும். கட்டியும் இருக்கிறோம். கல்கத்தாவில் ஹூக்ளி நதிக்கரையிலுள்ள கார்டன் ரீச் தளத்தை 1960-ல் சர்க்கார் ஏற்றுக்கொண்டது. ‘மகர்’ கப்பலை அங்கேதான் கட்டினார்கள். 1987-ல் கடலுக்குப் போன அது, 36 வருஷம் உழைத்து 2023 மே மாதம் கொச்சியில் ஓய்வு பெற்றது. அமெரிக்கா ஓட்டிவிட்டுக் கொடுத்த அதே 36 வருஷத்தை நம் தொழிலாளி கட்டிய கப்பல் நம்மிடமே ஓடிக் காட்டியிருக்கிறது! (கைதட்டல்) சார்தூல் 2007-லும், கேசரி 2008-லும், ஐராவத் 2009-லும் அதே தளத்திலிருந்து வந்தன. அந்தமானுக்காக 63 மீட்டர் நீளமுள்ள சிறிய இறங்கு கப்பல்கள் எட்டு, 2017 முதல் 2021 வரை அங்கிருந்தே வந்தன.

கப்பல் கட்டுவது என்றால் என்ன? உருக்குத் தகட்டை அளந்து வெட்டுகிறார்கள். வளைக்கிறார்கள். துண்டு துண்டாகப் பற்றவைத்து, அந்தத் துண்டுகளைக் கிரேன் தூக்கிவந்து ஒன்றோடொன்று சேர்க்கிறது. கப்பலின் அடி இரட்டை அடி. இரண்டு தகடுகளுக்கும் நடுவே மனிதன் நிமிர முடியாத இடுக்கு. வெல்டர் அதற்குள் படுத்துக்கொண்டு வேலை செய்கிறார். வெளியே வெயில், உள்ளே நெருப்பு, சுற்றிலும் புகை. அங்கே ஒரு தையல் பிசகினால் பத்து வருஷம் கழித்து நடுக்கடலில் தண்ணீர் புகும். மசூலாப் படகைத் தைத்தவன் கயிற்றை இழுத்துப் பார்த்தான்; இன்றைய வெல்டரின் தையலை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கிறார்கள். வேலையின் பொறுப்பு மாறவில்லை.

அந்த வேலையின் ஆபத்தும் மாறவில்லை. 2020 ஆகஸ்டு 1-ந் தேதி விசாகப்பட்டினம் ஹிந்துஸ்தான் கப்பல் தளத்தில் புதிய கிரேன் ஒன்றைச் சோதித்துப் பார்க்கும்போது அது சரிந்து 11 பேர் மாண்டார்கள். ஒப்பந்தத் தொழிலாளிகளும் அதில் உண்டு. கப்பலைக் கடலில் இறக்கும் நாளில் மந்திரி வருகிறார், வாத்தியம் முழங்குகிறது. அதைக் கட்டியவனின் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை.

ஜலாஷ்வாவைப் போன்ற பெரிய கப்பல்கள் நான்கை இந்தியாவிலேயே கட்டுவோம் என்று 2013-ல் டெண்டர் கேட்டார்கள். தனியார் தளங்கள் போட்டியிட்டன. ஏழு வருஷம் இழுத்தடித்து 2020-ல் டெண்டரையே வாபஸ் வாங்கினார்கள். 2021-ல் மறுபடி விவரம் கேட்டார்கள். 2025 அக்டோபரில்தான் இவை தேவை என்று பாதுகாப்பு மந்திரியின் குழு ஒப்புதல் கொடுத்தது. சுனாமி வந்து 20 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது!

அதற்கிடையில் நமக்கு வடக்கே காட்டுப்பள்ளியில் என்ன நடந்தது? அங்கே தனியார் தளம் இருக்கிறது. கெட்டிக்காரத் தொழிலாளிகள் இருக்கிறார்கள். 2022 ஆகஸ்டில் அமெரிக்கக் கடற்படையின் சரக்குக் கப்பல் அங்கே ரிப்பேருக்கு வந்தது. மறு வருஷம் அதற்கு நீண்டகால ஒப்பந்தமும் ஆயிற்று. நம் தொழிலாளியின் கைத்திறமையை வெளிநாட்டுக் கடற்படை நம்புகிறது. அந்தத் திறமைக்கு நாம் கொடுத்த வேலை என்ன என்பதுதான் என் கேள்வி.

ஜனங்களுக்கு என்ன பயன்?

2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டது. கோட்டூர்புரமும் சைதாப்பேட்டையும் மூழ்கின. ரயில் நின்றது, விமான நிலையம் மூடப்பட்டது. அப்போது கடல் வழியாகச் சென்னைக்கு வந்தது ‘ஐராவத்’. படகுகளும், நீர்மூழ்கி வீரர்களும், நிவாரணச் சாமானும் அதில் வந்தன. கார்டன் ரீச் தொழிலாளி வைத்த வெல்டு அன்று நம் ஊருக்கு உதவிற்று.

2020-ல் கொரோனா. நாடுகள் கதவைச் சாத்திக்கொண்டன. பிழைக்கப் போனவர்கள் அங்கங்கே மாட்டிக்கொண்டார்கள். நம் கடற்படைக் கப்பல்கள் 3,992 பேரைக் கொண்டுவந்தன. அதில் பெரும் பங்கு ஜலாஷ்வாவுக்கு. மே மாதம் மாலத்தீவிலிருந்து கொச்சிக்கு முதல் நடையில் 698 பேர். ஜூனில் கொழும்பிலிருந்து தூத்துக்குடிக்கு 685 பேர், மாலத்தீவிலிருந்து 700 பேர். ஜூலை முதல் தேதி ஈரானின் பந்தர் அப்பாஸிலிருந்து 687 பேர். இவர்களில் பலர் நம் கன்னியாகுமரி, நெல்லை, தூத்துக்குடி, ராமநாதபுரம் கரைகளைச் சேர்ந்த மீனவர்கள். அந்நிய முதலாளியின் விசைப்படகில் கூலிக்கு மீன் பிடிக்கப் போனவர்கள். வேலையும் கூலியும் நின்று மாதக்கணக்கில் துறைமுகங்களில் அடைபட்டுக் கிடந்தவர்கள்.

படை இறக்கக் கட்டிய கப்பலிலிருந்து மூட்டையும் முகமூடியுமாக மீனவர்கள் தூத்துக்குடியில் இறங்கியதை நினைத்துப் பாருங்கள். இந்தக் கப்பலுக்குக் கிடைத்த பெருமைகளில் இதற்கு ஈடு ஒன்றுமில்லை என்பேன். மாலுமிகளுக்கு நம் நன்றி உரியது.

ஆனால் முழு உண்மையையும் சொல்ல வேண்டும். மாலத்தீவிலிருந்து வந்தவர்களிடம் தலைக்கு 40 டாலர் கேட்டார்கள். வேலை போய் வயிற்றில் ஈரத்துணி போட்டுக் கிடந்தவனிடம் கட்டணம்! ஈரானில் இடம் போதவில்லை என்று சில மீனவர்களைக் கரையிலேயே விட்டுவிட்டு வந்தது கப்பல். இப்படிப்பட்ட இன்னொரு கப்பல் அன்று இருந்திருந்தால் அவர்களும் தங்கள் வீடு சேர்ந்திருப்பார்கள். ஏழு வருஷ டெண்டர் தாமதம் காகிதத்தில் வெறும் தேதி. பந்தர் அப்பாஸ் கரையில் அது ஒரு மீனவனின் கண்ணீர்.

முடிவாக

கப்பலைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று கேட்ட தோழருக்கு இப்போது பதில் சொல்கிறேன்.

அதை வாங்கிய பணம் நம்முடையது. மில்லில் நூல் அறுந்தால் முடிகிறவனும், நாற்று நடுகிறவளும் வாங்கும் உப்பிலும் எண்ணெயிலும் நெருப்புப் பெட்டியிலும் அந்தப் பணம் இருக்கிறது. அதைக் கட்டுகிற கை நம்முடையது. அதன் தொட்டிக்குள் இறங்கும் உயிரும் நம் வீட்டுப் பிள்ளையின் உயிர். ஆகையால் கணக்குக் கேட்கும் உரிமையும் நம்முடையதே.

நாம் கேட்பது மூன்று. ஒன்று, நம் கடலுக்கு வேண்டிய கப்பலை நம் சர்க்கார் தளங்களில் கட்டுங்கள். அந்நியன் நிபந்தனையோடு விற்கும் பழைய சாமான் வேண்டாம். இரண்டு, கப்பல் தளத்திலும் கப்பலுக்குள்ளும் சாக்கடையிலும் வேலை செய்கிறவன் உயிரோடு வீடு திரும்ப வழி செய்யுங்கள். மூன்று, இந்தக் கப்பல் அயலான் கரையை மிதிக்கப் போக வேண்டாம். புயலிலும் வெள்ளத்திலும், அந்நிய மண்ணில் நம் ஜனங்கள் தவிக்கும்போதும், முதலில் போகட்டும். கட்டணம் கேட்காமல் போகட்டும்.

கூட்டம் முடிந்ததும் நொச்சிக்குப்பம் தோழர்கள் வீட்டுக்குப் போவார்கள். இரவு மூன்று மணிக்கு எழுந்து படகைத் தள்ளுவார்கள். ஆணியில்லாத படகைத் தைத்து, கவர்னரைக் கரை சேர்த்தவர்களின் பேரப்பிள்ளைகள் இவர்கள். ஒருநாள் இவர்கள் கடலில் தத்தளித்தால் இவர்களைக் கரை சேர்க்க ஒரு கப்பல் தயாராக நிற்க வேண்டும். அது நம் கையால் கட்டியதாகவும், கட்டியவன் ஒருவனைக்கூட பலி வாங்காததாகவும் இருக்க வேண்டும். அதற்காகக் குரல் கொடுப்போம்.